நூறு முறை துவைத்தாலும் பிரியாத தையல்: ஏர்லூம் தையலுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஏர்லூம் தையல், அதாவது தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வைக்கும் உடைகளுக்கான நுண்ணிய தையல், என்றதும் பலருக்கு லேஸும் பூவேலையும்தான் மனதில் வரும். மெல்லிய வெள்ளைத் துணியில் கைக்குழந்தைக்கு ஒரு கவுன், மார்பில் வரிசையாக டக்குகள் எனப்படும் சின்னச் சின்னத் தைத்த மடிப்புகள், இடையிடையே லேஸ் பட்டை, கழுத்தோரம் நாலு ரோஜா மொட்டு. பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கவுனை உட்புறமாகத் திருப்பினால்தான் தைத்தவரின் கைத்திறன் தெரியும். நன்றாகத் தைத்த கவுனில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு ஒன்றுகூட இருக்காது. எல்லா விளிம்பும் உருட்டியோ மடித்தோ தையலுக்குள் அடக்கப்பட்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் அயர்ஷைர் பகுதியில் மஸ்லின் துணியில் வெள்ளை நூலால் வேலை செய்த ஞானஸ்நானக் கவுன்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. துணி மெல்லியது என்பதால் ஆயுள் குறைந்துவிடாது.

ஆகவே துணி, நூல், லேஸ், தையல் என்று எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது துவைப்புக்குத் தாங்குமா? பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

எடுத்த எடுப்பில் கவுனைத் தொட வேண்டாம். 30 செ.மீ. சதுரத்தில் ஒரு கைக்குட்டை போதும். விளிம்பை உருட்டித் தைப்பது, லேஸ் வைப்பது, மூலை திருப்புவது, ஒரு மூலையில் நிழல் வேலை எனும் எம்பிராய்டரி செய்வது எல்லாம் அதற்குள் வந்துவிடும். கெட்டுப்போனாலும் நட்டம் ஒரு துண்டுத் துணிதான்.

துணியும் லேஸும்

வாங்க வேண்டியது நூறு சதவீதப் பருத்தி. லான், பாடிஸ்ட், வாயில், மல் என்ற மெல்லிய துணி வகைகளில் எதுவானாலும் சரி. மெல்லிய லினனும் அருமையானது, ஆனால் அது முதல் வேலைக்கு வேண்டாம். நெசவு சற்றுத் தளர்வாக இருந்தால் விளிம்பு உருட்டும்போது நூல் நூலாகப் பிரிந்து எரிச்சலூட்டும். பாலியஸ்டர் கலந்த துணியை ஒதுக்கிவிடுங்கள். அது மடிப்பை ஏற்காது. விரலால் உருட்டி வைத்ததும் விரிந்துகொள்ளும். கலப்பா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும்.

லேஸுக்கும் இதே சோதனைதான். முழுக்க நைலானால் ஆன லேஸ் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும், குழந்தையின் தோலில் உரசும், பருத்தி சுருங்கும்போது கூடவே சுருங்காமல் ஓரத்தை அலை அலையாக்கும். பருத்தி லேஸ்களில் சிறிதளவு நைலான் சேர்த்து நெய்தவையும் கிடைக்கும், அவற்றால் தொல்லையில்லை. ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைவுகளாகவும் இருப்பது ஓர லேஸ். இரு பக்கமும் நேராக இருப்பது துணிக்கு நடுவே பதிக்கும் லேஸ். கைக்குட்டைக்கு ஓர லேஸ்தான் தேவை, 2 செ.மீ. அகலத்தில்.

எவ்வளவு நீளம்? நான்கு பக்கமும் சேர்ந்து 120 செ.மீ. ஒவ்வொரு மூலையிலும் லேஸின் வெளி ஓரம் சுற்றிவர அகலத்தைப்போல் இரு மடங்கு கூடுதலாக வேண்டும். அதாவது மூலைக்கு 4 செ.மீ., நான்கு மூலைக்கு 16. முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இணைக்க இன்னும் 4. மொத்தம் 140. ஒன்றரை மீட்டராக வாங்குங்கள். மூலையில் கஞ்சத்தனம் செய்தால் லேஸ் கிண்ணம்போல் குழிந்துவிடும். இஸ்திரி போட்டும் அதை நிமிர்த்த முடியாது.

துணி, லேஸ் இரண்டையும் வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பிழியாமல் எடுத்து, பரப்பி உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். சுருங்க வேண்டியதெல்லாம் இப்போதே சுருங்கிவிடட்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே தைக்கத் தோன்றும். அப்படித் தைத்த கைக்குட்டை முதல் துவைப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஊசி, நூல், மற்றவை

கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். சாதாரணத் தையலுக்கான ‘ஷார்ப்ஸ்’ ஊசியில் 10-ஆம் எண்ணும், எம்பிராய்டரி ஊசியில் 9 அல்லது 10-ஆம் எண்ணும் போதும். இயந்திர ஊசிக்கு இது நேர்மாறு: 60, 65 மெல்லியவை, 90 தடிமன். குழம்பிப்போய்த் தடித்த ஊசியைப் போட்டால் வாயில் துணியில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

தைக்கும் நூல் 60 அல்லது 80-ஆம் எண் பருத்தி நூலாக இருக்கட்டும். இங்கேயும் எண் கூடினால் மெல்லியது. மெல்லிய துணிக்கு ஏன் உறுதியான நூல் கூடாது என்று தோன்றலாம். எங்காவது மாட்டி இழுபட்டால், துணி கிழிவதற்குப் பதில் நூல் அறுவதே மேல். அறுந்த தையலைத் திரும்பப் போடலாம். கிழிந்த வாயிலைப் பழையபடி ஆக்க முடியாது.

எம்பிராய்டரிக்கு ஆறு இழை பருத்தி நூல் எங்கும் கிடைக்கும். பிரான்ஸின் முலூஸ் நகரில் 1746-இல் தொடங்கிய டிஎம்சி நிறுவனத்தின் கட்டில் 8 மீட்டர் இருக்கும். ஆறு இழைகளில் ஒன்றை மட்டும் உருவி எடுத்துத்தான் இந்த வேலையைச் செய்கிறோம். ஆகையால் ஒரு கட்டு வெகுநாள் வரும்.

இவை தவிர, முனைவரை கூர்மையான சிறு கத்தரி, இஸ்திரிச் சூட்டில் உருகாத கண்ணாடித் தலைக் குண்டூசிகள், 10 செ.மீ. எம்பிராய்டரி வளையம் ஆகியவை வேண்டும். மடியில் விரிக்க ஒரு கருப்புத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைக்கும்போது அடியில் கருப்பு இருந்தால் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரியும். செலவில்லாத உதவி. கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று யோசிப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். கிரீம் தடவிய கை வேண்டாம்.

சதுரம் வெட்டுதல்

அளவுகோலை வைத்துக் கோடு போட்டு வெட்டினால் நேராக இருப்பதுபோல் தோன்றும். துவைத்த பிறகு சதுரம் கோணிக்கொள்ளும். துணிக்கு நேர்க்கோடு என்பது அதன் சொந்த நூல்தான். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றையும் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றையும் உருவி, அந்தத் தடத்திலேயே வெட்ட வேண்டும்.

துணியின் கரைக்குச் செங்குத்தாக அரை செ.மீ. வெட்டுங்கள். வெட்டின் ஓரத்தில் ஒரே ஒரு நூலை ஊசி முனையால் கிளப்புங்கள். ஒரு கையால் அதை மெதுவாக இழுத்துக்கொண்டே மறு கையால் துணியைச் சுருக்கித் தள்ளுங்கள். நூல் நகர நகர, அது இருந்த இடம் மெல்லிய கீற்றாகத் துணியில் தெரியும். பாதியில் அறுந்தால் பதற வேண்டாம். தெரிகிற தூரம்வரை வெட்டி, அங்கிருந்து அதே நூலின் முனையை மறுபடி பிடித்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் இப்படி வெட்டிய பின், லேசாகக் கஞ்சி தெளித்து இஸ்திரி போடுங்கள். கஞ்சி ஏறிய மெல்லிய துணி விரலுக்கு அடங்கும்.

விளிம்பை உருட்டித் தைத்தல்

ஏர்லூம் தையலில் ஒரே ஒரு வேலையைத்தான் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதையே கற்றுக்கொள்ளுங்கள்.

நூலை முழங்கை அளவு, அதாவது சுமார் 45 செ.மீ., மட்டும் எடுங்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வோர் இழுப்பிலும் துணியில் உரசி நைந்து, முறுக்கேறி, முடிச்சு விழும். துணியின் பின்பக்கம் உங்களைப் பார்க்கட்டும், வெட்டிய விளிம்பு மேலே இருக்கட்டும். இடது ஆள்காட்டி விரல் துணியைப் பின்னாலிருந்து தாங்க வேண்டும். கட்டைவிரலைச் சற்றே நனைத்து, விளிம்பின்மேல் வைத்துக் கீழ்நோக்கி நகர்த்துங்கள். 3 மி.மீ. துணி உள்ளே சுருண்டு மெல்லிய குழலாகும். முதல் சில முறை சுருளாமல் வெறுமனே மடியும். ஈரம் கொஞ்சம் கூட்டி, இன்னும் குறைவான துணியை உருட்டிப் பாருங்கள். 3 செ.மீ. நீளத்துக்கு உருட்டினால் போதும். மொத்தப் பக்கத்தையும் ஒரே மூச்சில் உருட்டி வைக்க முயன்றால் ஒரு முனை முடிவதற்குள் மறுமுனை பிரிந்துவிடும்.

இனித் தையல். வலமிருந்து இடமாக வாருங்கள். நூலின் முனையைக் குழலுக்குள் மறைத்துவிட்டு, குழலுக்குச் சரியாகக் கீழே துணியில் ஒரே ஒரு நூலை, கூடினால் இரண்டை, ஊசியால் எடுங்கள். உடனே ஊசியைக் குழலுக்குள் நுழைத்து 3 மி.மீ. தூரம் உள்ளேயே ஓட்டி வெளியே எடுங்கள். மறுபடி கீழே ஒரு நூல், மறுபடி குழலுக்குள். ஆறேழு தையல் இப்படித் தளர்வாகப் போட்டபின் நூலை மெல்ல இழுத்தால், குழல் இறுகித் தையல் அத்தனையும் உள்ளே போய்விடும். முன்பக்கம் திருப்பிப் பார்த்தால் புள்ளிகூடத் தெரியாது. இந்த இழுப்பில்தான் பலருக்கும் இந்த வேலையின்மேல் ஆசை பிறக்கிறது.

விளிம்பிலிருந்து நூல் முடிபோல் எட்டிப் பார்த்தால் நீங்கள் வெட்டியது சீராக இல்லை என்று பொருள். அந்த இடத்தை மட்டும் பிரித்து, பிசிறை நறுக்கி, மறுபடி உருட்டுங்கள். மூலை வந்ததும் முனையில் 2 மி.மீ. மட்டும் குறுக்காக நறுக்கிவிட்டு, ஒரு பக்கத்தைக் கடைசிவரை உருட்டி, இரண்டு தையல் கூடுதலாகப் போட்டுப் பூட்டுங்கள். பிறகு அடுத்த பக்கத்தை அதன்மேல் உருட்டுங்கள். மூலை சற்றே தடித்துத்தான் இருக்கும். லேஸ் வந்தால் மறைந்துவிடும்.

லேஸ் வைத்தல்

லேஸின் நேர்ப்பக்கத்தில் சற்றுத் தடித்த சில நூல்கள் நீளவாக்கில் ஓடும். அவற்றில் ஒன்றைக் குண்டூசியால் கிளப்பி இழுத்தால் லேஸ் தானாகச் சுருங்கும். தனியாகச் சுருக்குத் தையல் போட வேண்டியதில்லை.

மூலையில் தொடங்காதீர்கள். ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். துணியின் முன்பக்கமும் லேஸின் முன்பக்கமும் ஒன்றையொன்று பார்க்க, லேஸின் நேர் ஓரம் உருட்டிய விளிம்போடு சமமாக இருக்கும்படி பிடியுங்கள். இரண்டையும் சேர்த்து விளிம்பின் மேலாகச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போங்கள். ஊசி லேஸின் தடித்த நூல்களையும் குழலின் தலையையும் மட்டும் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நூலை இறுக்கி இழுத்தால் லேஸை விரிக்கும்போது வரப்புபோல் நிற்கும். 5 செ.மீ.க்கு ஒருமுறை விரித்து நகத்தால் நீவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலைக்கு 2 செ.மீ. முன்பாக நின்று, அடுத்த 4 செ.மீ. லேஸை அந்தத் தடித்த நூலை இழுத்துச் சுருக்கி, சுருக்கு முழுவதும் மூலைப் புள்ளியில் வந்து விழும்படி ஒதுக்குங்கள். அந்த இடத்தில் தையல் நெருக்கமாக இருக்கட்டும். சுற்றி வந்து சேர்ந்ததும், லேஸின் ஒரு பூ மறுமுனையின் அதே பூவின்மேல் சரியாகப் பொருந்தும்படி வைத்து, பூவின் ஓரத்தைச் சுற்றியே பொடித் தையல் போட்டு, இருபுறமும் மிச்சத்தை ஒட்ட நறுக்கிவிடுங்கள். நேராக வெட்டி இணைத்தால் இணைப்பு கண்ணில் படும். பூவைச் சுற்றித் தைத்தால் தேடினாலும் கிடைக்காது.

ஒரு மூலையில் நிழல் வேலை

மெல்லிய துணியின் பின்பக்கம் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போய், அவற்றின் நிறம் முன்பக்கம் நிழலாகத் தெரிவதே நிழல் வேலை. லக்னோவின் சிக்கன் எம்பிராய்டரியிலும் இது உண்டு. கஷ்டமான வேலைபோல் காட்சியளிக்கும், ஆனால் உண்மையில் ஒவ்வொரு தையலும் பின்னோக்கி முந்தைய துளையில் இறங்கும் கெட்டித் தையல் தெரிந்தால் போதும். ஏர்லூம் தையலில் குறைந்த உழைப்புக்கு அதிகப் பாராட்டு கிடைப்பது இதற்குத்தான். முறையாகப் பார்த்தால் உருட்டிய விளிம்புக்குத்தான் அந்தப் பாராட்டு போக வேண்டும். அதை யாரும் கவனிப்பதில்லை.

1 செ.மீ. அகலத்துக்கு மேற்படாத இலை ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். அதைவிட அகலமானால் பின்பக்க நூல்கள் தொங்கி எதிலாவது மாட்டும். வரைவதற்குத் தண்ணீரில் அழியும் பேனா நல்லது, ஆனால் கோட்டைக் குளிர்ந்த நீரில் முற்றிலும் அலசாமல் இஸ்திரி போடக் கூடாது. சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனா வேண்டவே வேண்டாம். கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும்.

ஒற்றை இழையை ஊசியில் கோத்து, முடிச்சுப் போடாமல் பின்பக்கம் 5 செ.மீ. வால் விட்டுத் தொடங்குங்கள். இலையின் நுனியிலிருந்து 2 மி.மீ. தள்ளி மேல்கோட்டில் ஊசியை வெளியே எடுத்து, நுனியில் உள்ளே இறக்குங்கள். அடுத்து, கீழ்க்கோட்டில் அதே 2 மி.மீ. தூரத்தில் வெளியே எடுத்து, மறுபடி நுனியில் இறக்குங்கள். பிறகு மேல்கோட்டில் இன்னும் 2 மி.மீ. தள்ளி வெளியே வந்து, முந்தைய தையலின் துளையிலேயே இறங்குங்கள். கீழ்க்கோட்டிலும் அப்படியே. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிப் போகும்போது பின்பக்கம் நூல்கள் தாமாகவே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இலையை நிரப்பும். வளைவின் உள்பக்கத் தையல்களைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டால் இரு கோடும் ஒரே நேரத்தில் முடியும்.

துணியின் வழியே பார்க்கும்போது நிறம் வெகுவாக வெளிறும். ஆகையால் மனதில் உள்ள நிறத்தைவிட இரண்டு சாயல் அடர்ந்ததாக எடுங்கள். ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு நூலைத் தாண்டவிடாதீர்கள். பின்னால் ஓடும் ஒற்றை நூலும் முன்னால் தெரியும். ஒவ்வோர் இலையையும் தனியாக முடித்து, வாலைப் பின்பக்கத் தையல்களுக்குள் நுழைத்து நறுக்குங்கள். எழுந்து போகும்போது வளையத்தைக் கழற்றி வையுங்கள். விரலில் குத்தி ரத்தம் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள், வெந்நீர் ஆகாது. சின்னப் புள்ளியானால் வெள்ளை நூல் துணுக்கைத் தன் எச்சிலில் நனைத்து ஒற்றி எடுப்பது தைப்பவர்களின் பழைய வழக்கம்.

கைக்குட்டைக்குப் பிறகு

கவுனுக்குப் போகுமுன் மூன்று வேலைகளைத் துண்டுத் துணியில் பழகுங்கள்.

முதலாவது பின் டக். ஒரு நூலை உருவிக் கிடைக்கும் தடத்தில் துணியை மடித்து, மடிப்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி ஓட்டுத் தையல் போட்டால் ஒரு டக் ஆயிற்று. ஒவ்வொன்றும் 4 மி.மீ. துணியை விழுங்கும், பத்து டக் என்றால் 4 செ.மீ. அதனால் அளவாக வெட்டிய துணியில் டக் பிடிக்கக் கூடாது. பெரிய துண்டில் டக்குகளை முடித்து, இஸ்திரி போட்டு, அதன்மேல் மாதிரியை வைத்து வெட்ட வேண்டும்.

இரண்டாவது, துணிக்கு நடுவே லேஸ் பதிப்பது. இரு பக்கமும் நேரான லேஸைத் துணியின்மேல் வைத்து, இரண்டு ஓரத்தையும் தைத்துவிடுங்கள். பின்பக்கம் திருப்பி, லேஸுக்கு அடியில் உள்ள துணியை மட்டும் நடுவாக நீளவாக்கில் வெட்டி, இரு பக்கமும் விலக்கி இஸ்திரி போடுங்கள். முன்பக்கத்திலிருந்து ஓரங்களில் நெருக்கமான சிறு ஜிக்ஜாக் போட்டு, பின்னால் மிச்சத் துணியை ஒட்ட நறுக்கினால் முடிந்தது. இயந்திரத்தில் ஜிக்ஜாக் இல்லையென்றால் விலக்கிய துணியைக் கையால் உருட்டிச் சுற்றித் தைக்கலாம். வெட்டும்போது மழுங்கிய முனையுள்ள கத்தரியைப் பயன்படுத்துங்கள்; கூரான முனை லேஸைப் பதம் பார்த்துவிடும்.

மூன்றாவது பிரெஞ்சுத் தையல். பின்பக்கங்கள் சேர, விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளித் தைத்து, மிச்சத்தை 3 மி.மீ. ஆக நறுக்கி, திருப்பி, முன்பக்கங்கள் சேர 4 மி.மீ. தள்ளி மறுபடி தைக்க வேண்டும். வெட்டிய விளிம்பு உள்ளே அடைபட்டுவிடும். இதற்காக 1 செ.மீ. துணி விட்டு வெட்டியிருக்க வேண்டும். இயந்திரத்தில் தைக்கும்போது தையல் நீளம் 2 மி.மீ. இருக்கட்டும். தொடக்கத்தில் மெல்லிய துணியை ஊசித் தட்டின் துளை விழுங்கிவிடும். அடியில் ஒரு துண்டு மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுங்கள்.

கவுன் தைக்கும்போது கீழ்மடிப்பை 8 செ.மீ. அளவுக்கு அகலமாக விடுங்கள். குழந்தை வளரும்போது இறக்கிக்கொள்ளலாம். கைக்குழந்தையின் கழுத்தில் நீள நாடா வேண்டாம். பொத்தான்களைத் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் புது நூல் எடுத்துப் பூட்டுங்கள். தொடங்கும்போது குண்டூசிகளை எண்ணி வைத்து, முடித்ததும் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாகும்வரை கவுன் குழந்தையிடம் போகக் கூடாது.

துவைத்தலும் எடுத்து வைத்தலும்

வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு. குளோரின் பிளீச் பருத்தி இழையையே அரிக்கும், அதைத் தொடாதீர்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் நாளடைவில் மஞ்சள் பூக்கும் என்பதால் நன்றாக அலசுங்கள். மடித்த துண்டின்மேல் எம்பிராய்டரி கவிழ்ந்திருக்கும்படி வைத்துப் பின்பக்கத்தில் இஸ்திரி போட்டால் பூ நசுங்காது.

நெடுநாள் எடுத்து வைக்கும் துணியில் கஞ்சி இருக்கக் கூடாது. கஞ்சிக்குப் பூச்சி வரும், மடிப்பும் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத பால் கறையும் நாளடைவில் பழுப்பாகும். ஆகையால் ஒருமுறையே போட்டிருந்தாலும் துவைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை, செய்தித்தாள், குண்டூசி மூன்றும் ஆகாது. துவைத்த, சாயமில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்து, காற்றாட விரித்து, பழைய மடிப்பு விழாதபடி வேறு இடத்தில் மடித்து வைத்துவிடுங்கள்.